மறைந்திருக்கும் துளை

நுழையும்முன்

நாள்தோறும் நாம் நம்பிப் பயணம் செய்யும் பாதைகளில் நம் கண்ணில் படாத வேலைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, எஃகுத் தண்டவாளத்தில் கையால் துளையிடுதல். மயிலாப்பூரில் வாழ்ந்த இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் கைத்திறனையும் அத்திறனுக்குப் பின்னால் இருந்த அறிவியலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இடைவெளியின் கணக்கு

பழைய இருப்புப்பாதைகளில் பயணம் செய்தவர்கள் ‘தடக் தடக்’ என்னும் ஒலியை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு தண்டவாளம் முடிந்து அடுத்த தண்டவாளம் தொடங்கும் இடத்தில் சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். அதைச் சக்கரம் கடக்கும்போது எழும் ஒலி அது.

அந்த இடைவெளி கவனக்குறைவால் நேர்ந்ததன்று, கணக்கிட்டு விடப்பட்டது. உலோகம் வெப்பத்தால் விரிவடையும் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 13 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளத்தின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அதன் நீளம் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் கூடும். சென்னையின் சித்திரை வெயிலில், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே தண்டவாளம் இவ்வளவு சூடேறுவது அரிதன்று. நீள்வதற்கு இடமில்லையெனில் அது பக்கவாட்டில் நெளியும். வண்டி தடம் புரளும்.

ஆகவே, இரு தண்டவாளங்களையும் பிரியாமல் பிணைக்கவும் வேண்டும். சற்றே நகர விடவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது இணைப்புத் தகடு. தொழிலாளர்கள் இதனைப் ‘பிஷ்பிளேட்’ என்பர். 1847ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் இருபுறமும் ஒவ்வொரு தகடு வைத்து, குறுக்கே நான்கு மரையாணிகளைப் பூட்டுவார்கள். ஒவ்வொரு தண்டவாள முனையிலும் இரண்டு துளைகள் இருக்கும். துளை, மரையாணியைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறிய வேறுபாட்டுக்குள்தான் தண்டவாளம் பகலில் நீண்டு இரவில் சுருங்குகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதன்பின் பாதைகள் நீண்டன, இணைப்புகளும் பெருகின. 13 மீட்டர்த் தண்டவாளங்களால் ஒரு கிலோமீட்டர்ப் பாதை அமைத்தால், இருபக்கமும் சேர்த்து ஏறத்தாழ 150 இணைப்புகள் வரும், துளைகளோ 600. ஆலையிலிருந்து வரும் தண்டவாளங்களில் முனைத்துளைகள் பெரும்பாலும் முன்பே இடப்பட்டிருக்கும். ஆனால், பழுது நீக்குவதற்காகப் பாதையிலேயே தண்டவாளத்தை அறுக்க நேர்ந்தால், புதிய முனையில் புதிய துளை இடவேண்டும். மின்சாரம் எட்டாத வெட்டவெளியில் மனிதக் கையே அதைச் செய்யவேண்டும். அவ்வாறு துளையிட்டவர்களுள் ஒருவர் என் தாத்தா.

தாத்தாவின் கருவி

மயிலாப்பூர்க் கச்சேரிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. பழைய சென்னை வீடுகள் சிலவற்றைப்போல, அதன் கூடத்துக் கூரையையும் தேய்ந்து கழிக்கப்பட்ட தண்டவாளங்களே உத்திரங்களாக நின்று தாங்கின. பாயில் படுத்து மேலே பார்த்தால், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஆலையின் பெயர் புடைப்பெழுத்தாக மங்கித் தெரியும். சுவரை ஒட்டிய முனையில் இரண்டு துளைகளும் தெரியும்.

“அந்தத் துளையை நம்பி எத்தனை வண்டி போயிருக்கும், சொல்லு பார்ப்போம்” என்பார் தாத்தா. துளையை நம்பி வண்டி எப்படிப் போகும் என்று நான் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார்.

பாதைப் பராமரிப்புக் குழுவில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். பொழுது விடியுமுன் மிதிவண்டியில் கிளம்பிவிடுவார். கருங்கல் சல்லியைக் கட்டைக்கு அடியில் இறுக்குவது, தளர்ந்த மரையாணிகளை முடுக்குவது, தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவது என எல்லா வேலையும் அவர் செய்ததுண்டு. ஆயினும் துளையிடும் வேலை வந்தால் குழுவினர் அவரையே அழைத்தனர்.

அவர் பயன்படுத்திய கருவிக்கு ‘ராட்செட்’ என்று பெயர். அது மிக எளிய பொறி. ஒரு முழத்துக்கு மேற்பட்ட நீளமுள்ள இரும்புக் கைப்பிடி. அதன் தலையில் ஒரு பற்சக்கரம். பற்களுக்கிடையே விழுந்து நிற்கும் ஒரு சிறு இரும்பு நாக்கு. கைப்பிடியை முன்னே தள்ளினால் நாக்கு பல்லைப் பற்றிக்கொண்டு துளை அலகைச் சுழற்றும். பின்னே இழுத்தால் ‘கிர்ர்’ என்று பற்களின்மேல் வழுக்கிவரும்; அலகு திரும்பாது. எனவே கைப்பிடி முழு வட்டம் சுற்றவேண்டியதில்லை. முன்னும் பின்னும் அசைய ஒரு சாண் இடம் இருந்தால் போதும். பாலத்து உத்திரங்களுக்கு இடையில், வேறு பொறிகள் நுழையமுடியாத இடுக்குகளிலும் இக்கருவி வேலை செய்ததற்கு அதுவே காரணம்.

தண்டவாளத்துக்குத் தலை, இடை, பாதம் என மூன்று பகுதிகள் உண்டு. துளை விழுவது இடையில். தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கொக்கிச் சட்டத்தைப் பூட்டி, அச்சட்டத்துக்கும் தண்டவாளத்தின் இடைக்கும் நடுவில் ராட்செட்டை நிறுத்துவார்கள். கருவியின் பின்முனையில் ஒரு திருகு இருக்கும். அதைச் சிறிது சிறிதாகத் திருப்ப, அலகு எஃகின்மேல் அழுந்தும். சுழற்றுவது ஒரு கை. அழுத்தத்தை அளந்து கொடுப்பது மறு கை.

அலகுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் தட்டையான முனையுடைய அலகுகளே வழக்கில் இருந்தன. சீவிய தூள் துளைக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்கவேண்டும். 1863ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு அலகுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உடலில் சுற்றிவரும் பள்ளத்தின் வழியே சீவல் தானாகவே வெளியேறியது. இன்று எந்தப் பட்டறையிலும் காணும் அலகு அதன் வழிவந்ததே.

கை அறிந்த அழுத்தம்

ஓய்வுபெற்றபின் தாத்தா மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ராட்செட்டை விலைக்கு வாங்கிவந்தார். வீட்டு முற்றத்தில் பட்டறைக்கல்லாகப் பயன்பட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டு கிடந்தது. அதில்தான் எனக்கு முதற்பாடம் நடந்தது.

முதலில் துளையின் நடுப்புள்ளியைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். கூர்முனை உளியை அப்புள்ளியில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. சிறு குழி விழுந்தது. அக்குழி இல்லையெனில் அலகின் முனை எஃகின்மேல் வழுக்கி அலையும். பிறகு சட்டத்தைப் பூட்டி, அலகை அதன் குழியில் அமர்த்தி, சோப்பு கரைத்த நீரைச் சொட்டச் சொட்ட விட்டார். கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்.

நான் முழு வலிமையோடு தள்ளினேன். “ஓடாதே, இரும்புகிட்ட அவசரம் செல்லாது” என்றார். அலகு வேகமாகச் சுழன்றால் முனை சூடேறிக் கூர் மழுங்கும். அழுத்தம் குறைந்தால் அலகு வெட்டாமல் தேய்க்கும்; தேய்த்த இடம் பளபளத்து மேலும் கடினமாகும். அழுத்தம் மிகுந்தால் அலகு முறியும். மெதுவான சுழற்சியும் விடாத அழுத்தமுமே எஃகை வெட்டும். இந்த அளவு எந்த முள்ளிலும் தெரிவதன்று. கைப்பிடியின் வழியாக உள்ளங்கைக்கு வரும் அதிர்வே அதனைச் சொல்லும்.

தாத்தா கைவைத்ததும் துளைவாயிலிருந்து சீவல் சுருண்டு சுருண்டு வந்தது. “சுருள் வந்தா வெட்டுது, தூள் வந்தா அழுவுது” என்றார். மறுபக்கம் அலகு எட்டிப்பார்க்கும் நேரத்தில் அவர் திருகை மேலும் முடுக்காமல் நிறுத்திக்கொண்டார். கடைசி மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு போகும் அலகு அவ்விடத்தில் சிக்கி உடைவதுண்டு. வேலை முடியப்போகிறது என்று மற்றவர்கள் விரைவுபடுத்தும் கட்டத்தில்தான் அவர் கை தணிந்தது.

துளை முடிந்தபின்னும் அவர் எழவில்லை. துளையின் இருபக்க விளிம்புகளையும் அரத்தால் சற்றே சாய்வாக மழுக்கினார். சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவிப்பார்த்தார். யாருமே பார்க்கப்போகாத விளிம்புக்கு இத்தனை பணிவிடை எதற்கு என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

துளையும் தகைவும்

அதற்கு விடை, பின்னாளில் நான் பொறியியல் படித்தபோது கிடைத்தது. இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகடு ஒன்றில் வட்டத்துளை இட்டால், துளையின் விளிம்பில் தகைவு மற்ற இடங்களைப்போல மூன்று மடங்காக உயரும். 1898ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் கிர்ஷ் இதனைக் கணித முறையில் நிறுவினார். ஆற்றின் நடுவே நாட்டிய தூணைச் சுற்றி நீரோட்டம் நெருங்கி விரைவதைப்போல, துளையைச் சுற்றி விசையின் ஓட்டம் நெருங்குகிறது. துளையின் விளிம்பில் ஒரு கீறலோ பிசிறோ இருந்தால் தகைவு அங்கு மேலும் குவியும்.

வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் இணைப்பைக் கடக்கும்போது தண்டவாள முனை அடிவாங்கி வளைந்து நிமிர்கிறது. ஒரு நாளில் எத்தனை வண்டிகள், ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை சக்கரங்கள் என எண்ணிப்பாருங்கள். இவ்வாறு மீண்டும் மீண்டும் தாக்கும் விசையால் விளிம்புக் கீறல் மயிரிழையாக நீளத் தொடங்கும். துளையிலிருந்து சாய்வாகக் கதிர்போல் பரவுவதால் அதற்கு ‘நட்சத்திர விரிசல்’ என்று பெயர். இணைப்புத் தகடு மூடியிருப்பதால் அது வெளியே தெரியாது. ஒருநாள் தண்டவாளத்தின் தலை தனியே பெயர்ந்து விழும்போதுதான் தெரியும்.

எரிவாயுச் சுடரால் தண்டவாளத்தில் துளையிடக்கூடாது என்னும் விதியும் இதனால் வந்ததே. சுடர் ஒரு நிமிடத்தில் துளைத்துவிடும். ஆனால் தண்டவாள எஃகில் கரிமம் மிகுதி. சூடேறிய விளிம்பைச் சுற்றிலும் உள்ள குளிர்ந்த உலோகம் சட்டெனக் குளிர்விக்க, விளிம்பு கண்ணாடியைப்போலக் கடினமாகவும் நொறுங்கும் தன்மையுடையதாகவும் மாறிவிடுகிறது. விரிசல் பிறப்பதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

நான்கு துளைகள்

தாத்தா இந்தக் கணிதத்தைப் படித்தவர் அல்லர். ஆனால் அது சொல்லும் உண்மைக்காக அவர் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறார்.

கோடைக்காலத்தில் ஒருநாள், நகருக்கு வெளியே ஓரிடத்தில் தண்டவாளம் விரிசல் விட்டிருப்பது ஆய்வின்போது தெரிந்தது. பழுதான பகுதியை அறுத்தெடுத்துப் புதிய துண்டைப் பொருத்தவேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய துண்டில் துளைகள் முன்பே இருந்தன. அறுபட்ட பழைய முனைகள் இரண்டிலும், முனைக்கு இரண்டாக நான்கு துளைகளை அங்கேயே இடவேண்டும். இருபுறமும் வாளால் அறுத்து முடிக்கவே அரைமணி நேரம் கடந்துவிட்டது. கையில் இருந்ததோ ஒரே ராட்செட். ஒரு துளைக்குக் கால்மணி நேரம் பிடித்தது. இரண்டு துளைகள் முடிந்தபோது கொடுத்த நேரமும் முடிந்தது.

தொலைவில் கைகாட்டிக்கு அப்பால் பயணிகள் வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் ஊதல் விட்டுவிட்டு ஒலித்தது. பயணிகள் சிலர் இறங்கிவந்து சத்தமிட்டனர். அருகிலிருந்த பாலத்தில் வேலை செய்தவர்களிடம் எரிவாயுச் சுடர்க்கருவி இருந்தது. மேற்பார்வையாளர் அதைக் கொண்டுவரச் சொன்னார். மீதி இரண்டு துளைகளையும் சுட்டு முடித்துவிடலாம் என்றார்.

தாத்தா ராட்செட்டின் கைப்பிடியை விடவில்லை. “சார், சுட்ட துளை இன்னிக்கு வெடிக்காது. நீங்களும் நானும் ரிட்டையர் ஆனப்புறம் வெடிக்கும். அன்னிக்கு வண்டியில யார் பெத்த பிள்ளைங்க இருக்கும்னு நமக்குத் தெரியாது” என்றாராம்.

மேற்பார்வையாளர் கடுமையாகப் பேசினார். தாத்தா பதில் பேசவில்லை. கைப்பிடியை அசைத்துக்கொண்டே இருந்தார். உடனிருந்த இளைஞர் ஒருவர் மட்டும் வந்து சோப்பு நீரை ஊற்றினார். முப்பது நிமிடங்களுக்குப்பின் நான்காம் துளை முடிந்தது. விளிம்பை மழுக்கி, தகடு வைத்து, மரையாணிகளை முடுக்கியபின் வண்டி நடைவேகத்தில் அவ்விணைப்பைக் கடந்தது. சன்னலோரத்தில் இருந்தவர்கள் தாமதத்துக்காக அவரைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

சில நாட்களில் விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. அவ்வாண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போனது. என் அத்தையின் திருமணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது என்று பாட்டி சொல்வதுண்டு. அந்தத் துளைகளைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் மெய்ப்பிக்க முடியாது. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. அதைத் தடுத்தவருக்குச் சான்றிதழும் கிடையாது. தாத்தா இதைப் பற்றி வருந்திப் பேசி நான் கேட்டதில்லை.

கேட்கும் துளையும் கேளாத் துளையும்

பங்குனித் திருவிழாவில் மாட வீதிகளில் நாகசுரம் ஒலிக்கும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசிப்பவரின் விரல்களையே தாத்தா பார்த்துக்கொண்டிருப்பார். நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அடிப்பகுதியில் மேலும் ஐந்து. ஒரு துளை இடம் தவறினாலும் சுருதி பிசகும். வீதியில் நிற்பவர் எல்லாரும் அதை உடனே அறிவர். “அவங்க துளை தப்பாப் போனா அப்பவே கேட்டுடும். நம்ம துளை தப்பாப் போனா இருபது வருசம் பேசாம இருக்கும்” என்று ஒருமுறை சொன்னார். தவறு உடனே வெளிப்படும் தொழிலில் ஊரார் காவல் காப்பர். தவறு மறைந்திருக்கும் தொழிலில் செய்பவரே தமக்குக் காவல்.

துளையிடும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் துளையிட்ட கல்மணிகளும் கிடைத்துள்ளன. கடினமான கல்லில் நூல் நுழையும் அளவுக்குத் துளையிட்டவர்களுக்கும் அவசரம் கைகொடுத்திருக்காது.

இன்று தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்கு ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். ‘தடக் தடக்’ ஒலி குறைந்து வருகிறது. துளை வேண்டிய இடங்களில் விசைப்பொறி துளையிடுகிறது. தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விரிசலை மீயொலி அலைகளைச் செலுத்திக் கண்டறிகிறார்கள். மயிலாப்பூருக்கே 1997இல் பறக்கும் தொடர்வண்டி வந்தது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரு வழித்தடங்கள் திருமயிலையில் நிலத்துக்கடியில் சந்திக்கின்றன. அவற்றுக்காக ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடைய பொறிகள் மண்ணைத் துளைத்துச் சுரங்கம் அமைக்கின்றன. பொறியை முன்தள்ளும் விசையையும் சுழற்றும் விசையையும் திரையில் பார்த்தபடி ஒருவர் அதனை இயக்குகிறார். தாத்தாவின் இரு கைகள் அளந்த அவ்விரண்டையும்தான் அத்திரை காட்டுகிறது. அளவு கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே வேகத்தைத் தணிப்பது என்னும் முடிவை இன்றும் மனிதரே எடுக்கிறார்.

தாத்தா கடைசியாக ராட்செட்டைக் கையில் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தை தன் குழந்தையோடு வந்திருந்தார். கூடத்தில் ஊஞ்சல் கட்ட ஆசை அவருக்கு. “அப்பா, உத்திரத்து நடுவுல ரெண்டு ஓட்டை போட்டுக் குடுங்க, உங்களுக்கு அது ஒரு வேலையா?” என்று கேட்டார். தாத்தா ஏணியில் ஏறினார். உத்திரத்தின் நடுப்பகுதியைக் கையால் தடவினார். கூரைச் சுமையால் உத்திரம் வளையும்போது அதன் நடுவே அடிப்பக்கம்தான் மிகுதியாக இழுபடும். துளை அங்கே விழக்கூடாது.

“வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தார்.

அன்று மாலை பட்டைக் கம்பியை வளைத்து, தண்டவாளத்தின் பாதத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு கவ்விகளைச் செய்யவைத்தார். துளைகளை அந்தக் கவ்விகளிலேயே இட்டார். ஒவ்வொரு விளிம்பையும் மழுக்கி, சுண்டுவிரலால் தடவிப்பார்த்தபின்பே சங்கிலியை மாட்டவிட்டார். அத்தை மகள் ஆடிய அந்த ஊஞ்சலில் இப்போது அவளுடைய பிள்ளைகள் ஆடுகிறார்கள்.